அம்மாவின் தொழில் என்று என்ன எழுதுவது?

ஈரக்குடை | வெள்ளி, இரவு 11.40

அம்மா போன மாதம் காலமானார். வயது 84. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறோம். உறவினர், அக்கம்பக்கத்தினர் என்று அறுபது பேர் வரக்கூடும். அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

"அம்மா 31 ஆண்டுகள் ஓர் உணவகத்தில் சர்வராக இருந்தார்" என்று முதல் வரியை எழுதினேன். அண்ணன் படித்துவிட்டு, "உணவகத் துறையில் பணியாற்றினார் என்று மாற்று" என்றார். "அம்மா துறையில் இல்லை அண்ணா, ஹாலில் இருந்தார்" என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. மூன்று நாளாயிற்று.

அண்ணனை எளிதில் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அவர் சொல்லும் காரணம் இது: அம்மாவே தன் வேலையை வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. எங்கள் பள்ளிப் படிவங்களில் தாயின் தொழில் என்ற இடத்தில் "தனியார் வேலை" என்றுதான் எழுதுவார். எங்களை ஒரு நாளும் அந்த உணவகத்துக்குள் வரவிட்டதில்லை. தெரு முனையோடு சரி. "அவர் மூடிவைத்ததை அவர் போனபிறகு நீ திறக்கலாமா?" என்கிறார்.

அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. அம்மா 36 வயதில் முதன்முதலாக வேலைக்குப் போனார். 67 வயதில் நிறுத்தினார். இடையில் நடந்ததைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் வீட்டுக்குள் கண்டவைதாம். இரவு மேசைமேல் சில்லறையை அடுக்கி எண்ணுவார். காலணியைக் கழற்றியதும் இரண்டு நிமிடம் ஒன்றும் பேச மாட்டார். காலையில் கட்டிலிலிருந்து எழுந்து, அதன் விளிம்பைப் பிடித்தபடி, எங்கோ கேட்கும் சத்தத்துக்குக் காதுகொடுப்பவர் போல் நிற்பார். இதையெல்லாம் வைத்து எப்படி எழுதுவது? எழுதத்தான் வேண்டுமா?

இரவு_வண்டி | வெள்ளி, இரவு 11.58

அண்ணன் சொல்வது சரி. இறந்தவரிடம் அனுமதி கேட்க முடியாது. கேட்க முடியாதபோது அவர் கடைசியாகச் சொன்னதுதான் அவர் முடிவு. அவர் "தனியார் வேலை" என்று சொல்லியிருக்கிறார். விடுங்கள்.

சொல்வேட்டை | சனி, காலை 6.15

முதலில் சொல்லைத் தீர்த்துக்கொள்ளுங்கள். "பணிப்பெண்" வேண்டாம். அந்தச் சொல் வீட்டு வேலைக்கும் போகும், விமானத்துக்கும் போகும். 67 வயதுவரை உழைத்தவரைக் கடைசிவரை பெண்பிள்ளையாகவே வைத்திருக்கும். "உணவு பரிமாறுபவர்" நல்ல தமிழ், ஆனால் யாரும் தன் அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. விளம்பரத்தில் ஆள் தேடுவது போல இருக்கிறது. என் கட்சி "சர்வர்"தான். அது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்றாலும், "அர்" என்று முடிவதால் தமிழ்க் காதில் ஒரு மரியாதை விகுதியோடு விழுகிறது. ஆங்கிலேயர் அறியாமல் கொடுத்துவிட்டுப் போன மரியாதை, திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. பரிமாறுதல் என்ற வினைக்குள் கொடுப்பது மட்டும் இல்லை, கொடுத்து வாங்குவதும் இருக்கிறது. கருத்துப் பரிமாற்றம் என்கிறோம் அல்லவா. அதையே உரையின் மையமாக்கி அழகு காட்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஈரக்குடை | சனி, காலை 7.02

நன்றி ஐயா. "சர்வர் என்று வாசித்தால் இந்தக் காலப் பிள்ளைகள் கணினி என்று நினைத்துக்கொள்வார்கள்" என்பதும் அண்ணனின் வாதங்களில் ஒன்று. அவரும் வேறு வழியில்லாமல்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பழைய_தட்டு | சனி, காலை 10.30

இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வேலை பார்த்தவன் நான். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வீட்டில் இருக்கிறேன். அம்மாவின் வேலையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். சரியான கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அம்மா தட்டை எந்தக் கையில் பிடிப்பார்? பழகிய ஆள் என்றால் இடக்கை. முதல் தட்டின் விளிம்பைப் பெருவிரலும் சுண்டுவிரலும் மேலிருந்து பிடிக்கும். நடுவில் இருக்கும் மூன்று விரல்கள் அடியில் தாங்கும். இரண்டாவது தட்டு மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முன்கையில் உட்காரும். மூன்றாவது வலக்கையில். மேசையில் முதலில் இறங்குவதும் அந்த மூன்றாவதுதான். புதிதாக வருபவன் இரண்டு தட்டை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நிற்பான், திறக்கக் கை இருக்காது. பழகியவருக்குத் தோள் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது. அம்மாவின் இடது முன்கையின் உள்பக்கம் சுட்ட தழும்புகள் இருந்தனவா என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வெறுங்கையோடு போவாரா? எங்களுக்கு அது முதல் நாள் பாடம். போகும்போது ஒன்றைக் கொண்டுபோ, வரும்போது ஒன்றை எடுத்துவா. வெறுங்கை என்றால் அந்த நடை வீண். இந்தப் பழக்கம் ஒருவரைப் பிடித்துவிட்டால் வேலையை விட்டபிறகும் விடாது. என் மனைவிக்கு என்னிடம் உள்ள பெரிய குறை, பாதி குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்பதுதான்.

யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் பல நாள் கழித்தும் சொல்வாரா? ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாற்காலியை ஒன்றாம் எண்ணாக வைத்துக்கொண்டு கடிகாரச் சுற்றில் எண்ணுவோம். குறிப்பில் பெயர் இருக்காது, முகம் இருக்காது, நாற்காலி எண்தான் இருக்கும். அதனால்தான் நல்ல சர்வர் தட்டைக் கொண்டுவந்து "இது யாருக்கு?" என்று கேட்க மாட்டார். கேட்டால் அது தோல்வி.

இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். பிறகு பேசலாம்.

ஈரக்குடை | சனி, பிற்பகல் 2.45

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

தழும்புகள் இருந்தன. மூன்று, கோடு கோடாக. அடுப்பில் சுட்டது என்பார். எங்கள் வீட்டு அடுப்பில் அந்த இடம் சுட வழியே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வெறுங்கை விஷயம் அப்படியே உண்மை. "மேலே போகிறாயா? இதை எடுத்துப் போ" என்பது எங்கள் வீட்டில் வணக்கம் சொல்வது போல. நான் படித்துக்கொண்டிருக்கும்போது புத்தகத்துக்குப் பக்கத்திலிருந்த தட்டு எப்போது போனது என்றே தெரியாது. சத்தம் வராது.

நாற்காலி எண்ணும் புரிகிறது. வீட்டுக்கு விருந்தினர் வந்து போனபின், பெயரெல்லாம் குழப்புவார். ஆனால் "கதவைப் பார்த்து உட்கார்ந்தாரே, சர்க்கரை இல்லாமல் காபி" என்பார். நாங்கள் கேலி செய்வோம்.

கடைசி நான்கு ஆண்டுகள் மறதி நோய். அதைப் பற்றி எழுதவே கூடாது என்று இருந்தேன், ஆனால் உங்கள் கேள்வி அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது. என் பெயர் போயிற்று. பிறகு நான் மகள் என்பதும் போயிற்று. ஆனால் கதவு திறந்தால் எழுந்து வருவார், தோளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார், "எத்தனை பேர்?" என்பார். நானும் அண்ணனும் சேர்ந்து போனால் "இரண்டு பேர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னலோரம் கூட்டிப்போவார். வெளிச்சம் நல்லதாக இருக்கும் இடம் அது. அண்ணனால் அதைத் தாங்க முடியாது. மாடிப்படியில் போய் நின்றுகொள்வார்.

எனக்கு மட்டும் ஏனோ அது பிடித்திருந்தது. நல்ல இடம் கிடைத்தது என்று தோன்றும்.

வெள்ளைக்காலணி | சனி, மாலை 5.10

நான் செவிலியர். இரண்டு விஷயங்கள்.

காலையில் கட்டில் விளிம்பைப் பிடித்து நின்றது எந்தச் சத்தத்துக்கும் காதுகொடுக்க அல்ல என்பது என் ஊகம். குதிகாலிலிருந்து விரல் வரை உள்ளங்காலில் ஓடும் தசைநார்ப் பட்டை நாள்பட நின்று உழைப்பவர்களுக்குப் புண்பட்டுவிடும். அதன் அடையாளமே, தூங்கி எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குத்தும் வலி. நடக்க நடக்கக் குறையும், அதனால் மற்றவர்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போகும் அம்மா நொண்டாமல்தான் போயிருப்பார். அம்மாவைப் பார்க்காமல் நோய் சொல்வது முறையல்ல. ஆனால் அந்த நிற்பு எனக்கு நன்றாகத் தெரிந்த நிற்பு. எங்கள் தொழிலிலும் உண்டு.

மறதி நோயில் பெயர்களும் நிகழ்ச்சிகளும் முதலில் கழன்றுகொள்ளும். உடம்பு பழகிய வேலைகள், அன்றாடம் ஆயிரம் முறை சொன்ன சொற்கள், இவை பெரும்பாலும் நெடுநாள் தங்கும். மூளையில் இரண்டும் தங்கும் இடங்கள் வேறு. ஆகவே "எத்தனை பேர்?" என்றது உங்களை மறந்ததன் அடையாளம் மட்டும் அல்ல. அவரிடம் மிச்சமிருந்த கெட்டியான பொருளை எடுத்து உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை | சனி, மாலை 6.25

உணவகப் பரிமாறுபவர்களின் நினைவாற்றல் உளவியலில் பழைய விஷயம். பணம் தராத மேசையில் யார் என்ன கேட்டார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது, கணக்குத் தீர்ந்ததும் மறந்துவிடுகிறது என்று குர்ட் லெவின் கவனித்தாராம். அவருடைய மாணவி புளூமா ஸெய்கார்னிக் அதைச் சோதித்து 1927இல் வெளியிட்டார். முடிக்காத வேலை மனத்தில் நிற்கும் என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்களே, அதன் மூலம் இதுதான். உரைக்கு நல்ல தொடக்கமாக இருக்கும்.

இரவு_வண்டி | சனி, மாலை 6.40

அந்தச் சோதனையைப் பிறகு செய்து பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி விடை வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவின் நினைவுக் கூட்டத்தில் உளவியல் பாடம் எதற்கு?

கணக்குப்பிள்ளை | சனி, மாலை 7.05

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இன்னும் பொருத்தமானது ஒன்று. 1988இல் ஆண்டர்ஸ் எரிக்சன், பீட்டர் பால்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சர்வரை ஆராய்ந்து எழுதினார்கள். எதையும் எழுதிக்கொள்ளாமல் ஏறத்தாழ இருபது பேர் கேட்டதை அவர் தலையில் வைத்திருப்பார். அவர் செய்த தந்திரம், ஆள் ஆளாக நினைவில் வைக்காமல், நாலு நாலு பேராகக் கட்டுக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் வகை வகையாகப் பிரித்து அடுக்கியது. பிறவி வரம் ஒன்றும் இல்லை, பழகிச் செய்த கட்டுமானம். இதை வாசிக்கச் சொல்லவில்லை. அண்ணனிடம் காட்டுங்கள் என்கிறேன்.

ஈரக்குடை | சனி, இரவு 9.20

அந்த 1927 கண்டுபிடிப்பு அம்மாவுக்குப் பொருந்தவில்லை. அவருக்குத் தீர்ந்த கணக்கும் மறக்காது. வேலையை விட்டுப் பத்து ஆண்டு கழித்துக்கூட "மூலையில் தனியாக உட்காருவாரே, அவர் என்ன ஆனாரோ" என்று திடீரென்று கேட்பார். யாரைக் கேட்கிறார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

உப்புக்கல் | ஞாயிறு, காலை 8.00

நேற்றிலிருந்து படிக்கிறேன். எல்லாரும் தழும்பையும் நடையையும் ரசிக்கத் தொடங்கிவிட்டீர்கள். எனக்குச் சற்று எரிச்சலாக இருக்கிறது.

என் அம்மாவும் இதே வேலை. சம்பளம் பேருக்கு, வயிறு நிரம்பியது டிப்ஸில். பல இடங்களில் டிப்ஸ் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பதிவில் ஏறாத வருமானம் ஓய்வூதியக் கணக்கிலும் ஏறாது. முப்பது ஆண்டு உழைத்தவர் முதுமையில் கையில் வாங்கியது, அந்தக் குறைந்த சம்பளத்தை அடிப்படையாக வைத்துப் போட்ட தொகை. பகலுக்கும் இரவுக்கும் நடுவில் மூன்று நான்கு மணி நேரம் வேலையும் இல்லை, வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது, கூலியும் கிடையாது. அந்த நேரத்தை அம்மா எங்கே கழித்தார் என்று நான் கேட்டதே இல்லை.

பிறகு அந்தச் சிரிப்பு. சம்பளத்துக்காக முகத்தையும் மனத்தையும் பழக்கிவைப்பதும் உழைப்புதான் என்று ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் எழுதினார். அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயரும் வைத்தார். அவர் முக்கியமாகப் பார்த்தது விமானப் பணியாளர்களை. தட்டு தூக்குகிறவர்களுக்கு அதைப் படிக்கத் தேவையே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவின் முகத்தில் ஒன்றுமே இருக்காது. எங்கள்மேல் கோபம் என்று நினைப்போம். கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதை நான் வேலைக்குப் போனபிறகுதான் புரிந்துகொண்டேன்.

எழுதுவதானால் இதையும் எழுதுங்கள். இல்லையென்றால் அண்ணன் சொன்ன "துறை"யே மேல்.

இரவு_வண்டி | ஞாயிறு, காலை 8.22

துக்கத்துக்கு வருகிறவர்களிடம் ஓய்வூதியக் கணக்கை வாசிக்கச் சொல்கிறீர்களா?

உப்புக்கல் | ஞாயிறு, காலை 8.25

ஆமாம். ஒரு வரி. வாசித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

(மன்னிக்கவும் ஈரக்குடை, வாயில் வந்துவிட்டது.)

ஈரக்குடை | ஞாயிறு, காலை 9.10

பரவாயில்லை. அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஈரக்குடை | புதன், இரவு 10.15

இங்கே வந்து மூன்று நாளாயிற்று. அம்மாவோடு பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். பெயர் வேண்டாம், உணவகத்தின் பெயரும் வேண்டாம்.

புதிதாகச் சேருகிற எல்லாரையும் அம்மாவிடம்தான் விடுவார்களாம். "உன் அம்மா கத்த மாட்டார். தட்டை உடைத்தால் உடைந்ததைக் கூட்டிவிட்டு, அடுத்த தட்டை நம் கையிலேயே கொடுப்பார்" என்றார். எங்களுக்குத் தெரிந்த அம்மா கத்துவார். கண்ணாடிக் குவளை உடைந்த ஒரு நாள் தெருவே கேட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எங்களை ஏன் அங்கே விடவில்லை என்று கேட்டேன். அவர் உடனே சொல்லவில்லை. காபி ஆறிப்போகும்வரை சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுச் சொன்னார். சில வாடிக்கையாளர்கள் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார்கள். சேர்ந்த புதிதில் அம்மா திரும்புவார், சிரிப்பார், போவார். அதைத் தன் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்றாராம். பின்னாளில் புதியவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது: "சொடுக்கினால் காது கேட்காது என்று வைத்துக்கொள். கையைத் தூக்கினால் ஓடு." மேலாளர் இதற்காக ஒருமுறை கூப்பிட்டுத் திட்டியும் இருக்கிறார். அம்மா அவரிடம் காதைத் தொட்டுக் காட்டி, "வயதாகிறது ஐயா" என்றாராம். அப்போது வயது 45.

ஆக, மறைத்தது வேலையை அல்ல. எனக்கு அப்படித்தான் படுகிறது.

இரவு_வண்டி | புதன், இரவு 10.50

சரி. நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், பாதி. வேலையை வாசியுங்கள். சொடுக்கியதை வாசிக்காதீர்கள். அதைத்தான் அவர் மூடிவைத்தார்.

உப்புக்கல் | புதன், இரவு 11.05

முதல்முறையாக இவரோடு ஒத்துப்போகிறேன். நேரத்தைக் குறித்துவையுங்கள்.

ஈரக்குடை | சனி, இரவு 11.30

நாளைக்குக் கூட்டம். அண்ணன் இன்று மாலை வந்தார். நான் எழுதியதைக் கொடுத்தேன். "36 வயதில் சர்வராகச் சேர்ந்தார். மூன்று தட்டுகளை ஒரே நேரத்தில் தூக்குவார். எதையும் கேட்டு எழுதிக்கொண்டது குறைவு. வேலையை விட்டபோது கையில் வந்த ஓய்வூதியம் அவருடைய மாத்திரைக்கே பற்றவில்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை..." இப்படிப் போகிறது. சொடுக்கு இல்லை.

படித்து முடித்துவிட்டு, "அங்கே விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியுமா?" என்றார்.

நான் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை.

பதினான்கு வயதில் பள்ளிக்கூடம் முடிந்து ஒரு நாள் அங்கே போயிருக்கிறார். உள்ளே நுழையவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு ஓடி வந்துவிட்டார். அன்று இரவு அம்மா அவருக்கு மட்டும் கூடுதலாகச் சில்லறை கொடுத்தாராம். அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்ற பையனைக் கண்டாரா இல்லையா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நாற்பத்தைந்து ஆண்டு இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "துறை" என்ற சொல்லை வைத்து நான் கேலி செய்தது இப்போது உறுத்துகிறது.

"சர்வர் என்றே வாசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய_தட்டு | ஞாயிறு, காலை 5.50

மெதுவாக வாசியுங்கள் அம்மா. நடுவில் தண்ணீர் குடியுங்கள்.

ஈரக்குடை | ஞாயிறு, இரவு 9.00

முடிந்தது. எழுபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள், நாற்காலி போதவில்லை. மூன்று தட்டு என்று வாசித்தபோது பின்வரிசையில் யாரோ "அடேயப்பா" என்றார்கள். ஓய்வூதிய வரியில் ஒரு சித்தப்பா தரையைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் காபி குடித்தார்கள்.

கூட்டம் கலைந்தபிறகு அண்ணன் காலிக் கோப்பைகளை எடுக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இரண்டு தட்டில் கோப்பைகளை அடுக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனார், வழியில் ஒரு கரண்டியைக் கீழே போட்டார். துடைக்கும் துணி அங்கேயே கண்ணெதிரே கிடந்தது, மேசையெல்லாம் ஈரம். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வந்தார்.

பழைய_தட்டு | ஞாயிறு, இரவு 9.12

தட்டை எந்தக் கையில் பிடித்தார்?

ஈரக்குடை | ஞாயிறு, இரவு 9.14

இரண்டு கையிலும். கதவுக்கு முன்னால் நின்றார். நான் போய்த் திறந்துவிட்டேன்.